மிச்ச அணியின் முப்பதாவது ஆட்டம்

அவர் தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். நகரின் நாற்பத்தொரு கட்டடங்களில் உள்ள ஐம்பத்தாறு லிஃப்டுகளை மாதம் ஒருமுறை பார்வையிட்டு, எண்ணெயிட்டு, உள்ளே தொங்கும் அட்டையில் தேதியையும் ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லையும் எழுதுவது அவர் பணி. இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த அட்டைகளை எவரும் படித்ததாகத் தகவல் இல்லை. லிஃப்ட் ஓடும்வரை மெக்கானிக் என்றொருவர் இருப்பதே யாருக்கும் நினைவில் வராது. நின்றுவிட்டால் பன்னிரண்டு மாடியும் ஒரே குரலில் அவரைத் தேடும். “நம்ம பொழைப்பு பல்லு மாதிரி. வலிச்சாத்தான் ஞாபகம் வரும்” என்று அவரே சொல்வதுண்டு.

ஆண்டில் இரண்டு நாட்கள் மட்டும் இந்நிலை மாறும். பதினைந்து வயதுக்குட்பட்ட மாணவியருக்கான எழுவர் ரக்பிப் போட்டி நடைபெறும் சனியும் ஞாயிறும் அவர் கழுத்தில் ‘மேனேஜர்’ என்ற அட்டை தொங்கும். அதைப் படிப்பதற்குக் குறைந்தது பதினான்கு பேர் இருப்பார்கள்.

அந்தப் பதவி அவருக்குக் கிடைத்த விதம் போட்டிக் குழுவின் குறிப்பேட்டில் இல்லை. செயலாளர் அதைப் பதிவுசெய்ய விரும்பியிருக்கமாட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், போட்டி நாள் காலையில், மைதானத்தின் மூன்று மாடிக் கட்டடத்து லிஃப்டில் செயலாளர் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டார். கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்தவர் மெக்கானிக். வியர்வையோடு வெளிவந்த செயலாளர் நன்றி சொல்லவில்லை.

“ஒரு டீம் வரலைங்க. எட்டு இருக்கணும், ஏழுதான் இருக்கு. பிள்ளைங்களைத் தேத்திட்டேன். கூட நிக்க ஒரு பெரியவர் வேணும். சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கா?”

“ஸ்பேனரை எடுத்து வெச்சுட்டு வந்துடுறேன் சார்.”

செயலாளர் பிள்ளைகளைச் சேர்த்த முறை எளிது. ஒவ்வோர் அணியும் பதினான்கு பேரோடு வருகிறது. பன்னிரண்டு பெயர்களைத்தான் பதிவு செய்யலாம். ஆடுவது எழுவர், மாற்றுக்கு ஐவர். ஆக, ஏழு அணிகளிலும் இருவர் இருவராய் எஞ்சுவர். அந்த எச்சத்தைத் திரட்டி எட்டாவது அணி அமைக்கப்பட்டது. ஏற்பாடு வசதியாக இருந்ததால் அடுத்த ஆண்டிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஏட்டில் அதன் பெயர் ‘அழைப்பு அணி’. மைதானத்தில் அனைவரும் அழைத்தது ‘மிச்சம்’ என்றுதான்.

இரவல் கொடுப்பவர் நல்ல குடையைக் கொடுப்பதில்லை. கணுக்கால் பிசகியவள், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்பவள், அக்கா ஆடுகிறாள் என்பதற்காக உடன் வந்தவள் ஆகியோரே அவரிடம் வந்து சேர்ந்தனர். நான்காம் ஆண்டில் வந்த ஒருத்தி, இது கைப்பந்துப் போட்டி என்று இடைவேளை வரை நம்பிக்கொண்டிருந்தாள். பிரிவுச் சுற்றில் ஆண்டுக்கு மூன்று ஆட்டங்கள். ஒன்பது ஆண்டுகளில் இருபத்தேழு ஆட்டங்கள், இருபத்தேழு தோல்விகள். எடுத்த புள்ளிகள் எண்பத்தெட்டு. கொடுத்தவை தொள்ளாயிரத்து முப்பத்துநான்கு. பிரிவுக்கான சீட்டு எடுக்கும்போது தங்கள் பிரிவில் மிச்சம் விழவேண்டும் என்று பயிற்சியாளர்கள் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார்கள்.

பத்தாம் ஆண்டுப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு செயலாளரின் கடிதம் வந்தது. இவ்வாண்டும் ஓர் ஆட்டத்திலேனும் வெல்லாவிட்டால் அழைப்பு அணி கைவிடப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் போட்டி ஏழு அணிகளோடு நடைபெறும் எனக் குழு தீர்மானித்திருப்பதாக அது தெரிவித்தது. இறுதி வரியில் அவருடைய நீண்ட சேவைக்கு நன்றி கூறப்பட்டிருந்தது.

கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவர் மனைவி குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பணிபுரிபவர். எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார்.

“முன்கூட்டியே நன்றி சொல்லிட்டாங்களே. அப்போ முடிவு பண்ணிட்டாங்க.”

“ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சாப் போதுமாம்.”

“ஒம்பது வருஷமா அந்த ஒண்ணைத்தானே தேடிட்டு இருக்கீங்க. சரி, கோச்சுங்களுக்கு என்னன்னு எழுதி ஆளு கேப்பீங்க?”

அவர் பழைய கடிதங்கள் உள்ள கோப்பைத் திறந்து காட்டினார். ‘தங்களால் விட்டுக்கொடுக்க இயன்ற இருவரை அனுப்பி உதவ வேண்டுகிறேன்.’

“ஏங்க, விட்டுக்கொடுக்க முடிஞ்சதைக் கேட்டா ஓட்டைக் குடம்தான் வரும். எங்க கவுன்ட்டர்ல வந்து பாருங்க. ‘உங்ககிட்ட என்ன இருக்கு’ன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ‘என்ன தொல்லை’ன்னு கேளுங்க, நாலு பக்கம் எழுதிக் கையில குடுத்துட்டுப் போவாங்க.”

“அதனால?”

“தொல்லையைக் கேளுங்க. சொன்ன பேச்சு கேக்காததுங்க, எதிர்த்துப் பேசுறதுங்க, அடங்காததுங்க. அதுங்களுக்கு ஆட்டம் தெரியாமலா இவ்வளவு நாள் கூட வெச்சிருக்காங்க?”

அன்றே புதிய கடிதம் எழுதப்பட்டது. ‘தங்களுக்கு மிகுந்த தொல்லை தரும் இருவரை, காரணத்தை ஓரிரு வரிகளில் குறிப்பிட்டு, அனுப்பி உதவ வேண்டுகிறேன்.’ முந்தைய ஆண்டுகளில் பதில் வர மூன்று வாரமாகும், நினைவூட்டலும் தேவைப்படும். இம்முறை ஐந்து பதில்கள் மறுநாளே வந்தன. ஓரிரு வரிகளில் யாரும் நிறுத்தவில்லை. ஒரு பயிற்சியாளர் இருவருக்குப் பதில் மூவரின் பெயரை அனுப்பி, திருப்பி அனுப்ப அவசரமில்லை என்றும் எழுதியிருந்தார்.

போட்டி நாள் காலை ஏழு மணிக்குப் பதினைந்து மாணவியர் வந்து சேர்ந்தனர். வந்த ஐந்தாம் நிமிடத்திலேயே மூவரை அவர் அடையாளம் கண்டுகொண்டார். முதலாமவள் விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். மற்றவர்கள் அவளை வக்கீல் என்று அழைத்தனர். இரண்டாமவள் தோளும் உயரமுமாக ஒரு கதவு நிற்பதைப் போல நின்றாள். அவள் பெயர் சுவர். மூன்றாமவள் ஒல்லியானவள், காற்றாய் ஓடுபவள். பந்து கைக்கு வந்தால் வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்பதால் கஞ்சம் என்று பெயர் பெற்றிருந்தாள்.

“பன்னெண்டு பேர்தான் பதிய முடியும். மூணு பேரை எடுக்கணும்” என்றார் மேனேஜர். ஒன்பது ஆண்டுகளில் அவர் எவரையும் தேர்ந்தெடுத்ததில்லை. பதினால்வரில் இருவர் தாமாகவே வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுவார்கள். இங்கோ பதினைந்து பேரும் நேராக நின்று அவரை முறைத்தனர். “மேல போய்ப் பேசிக்கலாம். ஏழரைக்குள்ள மூணாவது மாடியில லிஸ்ட் குடுக்கணும், வாங்க” என்று லிஃப்டைக் காட்டினார்.

அது பத்துப் பேருக்கான லிஃப்ட். தாங்கும் எடை அறுநூற்றெண்பது கிலோ. இதை அந்நகரில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆயினும் பதினைந்து பேரும் பைகளோடு உள்ளே புகுந்ததை அவரால் தடுக்க இயலவில்லை. மிகைச் சுமை மணி அடித்தது. கதவு மூடவில்லை.

“யாராவது மூணு பேர் இறங்குங்கம்மா.”

எவரும் அசையவில்லை.

“மூணு பேரா?” என்றாள் வக்கீல். “டீம்லயும் மூணு பேர்தானே அதிகம்? புரியுது மாமா. நல்லாவே புரியுது.”

“ஐயோ, அது வேற மூணு, இது வேற மூணும்மா. இது எடை.”

“எடையா? யாரைச் சொல்றீங்க?” என்று பின்னாலிருந்து சுவரின் குரல் வந்தது.

“பொதுவாச் சொன்னேன்.”

“பொதுவாச் சொல்லும்போது ஏன் என்னைப் பாத்துச் சொன்னீங்க?”

மேனேஜர் தாமே இறங்கினார். மணி நிற்கவில்லை. லிஃப்டிலிருந்து இறங்குவதால் அணியிலிருந்து இறங்கியதாக ஆகாது என்று வாக்களித்தார். வக்கீல் அதை எழுத்தில் கேட்டாள். பையிலிருந்த பராமரிப்பு அட்டை ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அதை இருமுறை படித்துவிட்டு, “தேதி போடலை” என்று திருப்பிக் கொடுத்தாள். அப்போது மணி ஏழு இருபத்துநான்கு.

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் எந்த லிஃப்டையும் அவர் திட்டியதில்லை. அன்றுதான் அவர் குரல் உயர்ந்தது. “இந்தா பாருங்க! மேல மேசைக்கு எந்த வரிசையில வந்து நிக்கிறீங்களோ, அந்த வரிசையில பேரு எழுதுவேன். பன்னெண்டாவது பேரோட பேனாவை மூடிடுவேன். படி அந்தப் பக்கம்!”

இரண்டு விநாடியில் லிஃப்ட் காலியாயிற்று. படிக்கட்டு முழுவதும் இடி இறங்குவது போன்ற ஓசை. அவர் தனியராக லிஃப்டில் ஏறி, மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது, மேசையின் முன் மூச்சு வாங்க வரிசை நின்றிருந்தது. ஒருத்தியின் கையில் மாடிப்படிக் கைப்பிடியின் பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. பெயர்களை வந்த வரிசையிலேயே எழுதினார். சட்டை எண்களும் அதே வரிசை. கஞ்சம் ஒன்று, வக்கீல் ஐந்து, சுவர் பன்னிரண்டு. லிஃப்டுக்குள் முதலில் ஏறி மரியாதையாகப் பின்சுவரோரம் ஒதுங்கி நின்ற மூவர், வெளியே வரக் கடைசியாகி, பட்டியலில் விடுபட்டனர். ஒழுங்காக நடந்துகொண்டதால் அணியில் இடம் இழந்தவர்கள் என்ற வகையில் போட்டி வரலாற்றில் அவர்களே முதல்வர்கள். அவர்கள் அழத் தொடங்கியதும் மூவரையும் உதவி மேனேஜர்களாக நியமித்தார். விதிப் புத்தகத்தில் அப்படியொரு பதவி இல்லை; வக்கீல் அதை அப்போதே சுட்டிக்காட்டினாள்.

முதல் ஆட்டம் பன்னிரண்டுக்குப் பத்தொன்பது எனத் தோல்வி. மூவர் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தும், கஞ்சம் பந்தைக் கொடுக்காமல் ஐந்து பேரிடம் தனியாகப் போய் மோதினாள். இரண்டாவது பத்துக்குப் பதினான்கு. நடுவரின் தீர்ப்பை வக்கீல் மறுத்துப் பேசியதால் இரண்டு நிமிடம் வெளியேற்றப்பட்டாள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எதிரணி கடைசி ஏழு புள்ளிகளை எடுத்தது. இவை இரண்டும் மிச்ச அணியின் வரலாற்றில் மிக நெருங்கிய தோல்விகள் என்பது உண்மை. ஆனால் செயலாளரின் கடிதத்தில் நெருக்கத்துக்கு இடம் இல்லை. இனி ஓர் ஆட்டம்தான் மீதி. அது போட்டியை நடத்தும் பள்ளியோடு. அந்த அணி இரண்டையும் வென்று வந்திருந்தது. வக்கீலையும் சுவரையும் இரவல் கொடுத்ததும் அதுவே.

ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பு அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் அம்மையார் வந்தார். கழுத்தில் இரண்டு விசில்கள்.

“சார், எங்க பொண்ணு ஒருத்திக்கு முட்டி வீங்கிப் போச்சு. விதி பதினொண்ணு. காயம்னா குடுத்த ஆளைத் திரும்ப எடுத்துக்கலாம். அந்தப் பெரிய பொண்ணை அனுப்புங்க.”

மேனேஜர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் எதிரணியினர் எத்தனை பேர் வந்து மோதினாலும் சுவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். ஆயினும் விதி விதிதான். “திரும்ப எடுக்கிறதா இருந்தா நீங்க எழுதின கடிதத்தோட பின்னாடிதான் எழுதித் தரணும் மேடம். அதான் முறை” என்று கோப்பைத் திறந்து கடிதத்தை உருவினார். அவர் தோளுக்கு மேலாக இன்னொருவர் அதைப் படித்துக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை.

“‘எந்தச் சூழ்நிலையிலும் இவ்விருவரையும் எங்கள் அணியில் ஆடவைக்க இயலாது’” என்று வக்கீல் உரக்கப் படித்தாள். “மேடம், இது உங்க கையெழுத்துதானே? ‘எந்தச் சூழ்நிலையிலும்’னா முட்டி வீங்குறதும் ஒரு சூழ்நிலைதானே?”

அம்மையாரின் முகம் சிவந்தது. ஆனால் வக்கீல் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்வை கடிதத்தின் முதல் வரிக்குத் திரும்பியிருந்தது. “‘தாங்கள் கேட்டபடி, மிகுந்த தொல்லை தரும் இருவர்…’ மாமா, நீங்க கேட்டீங்களா? தொல்லை வேணும்னு எங்களைக் கேட்டு வாங்கினீங்களா?”

பதினைந்து பேரும் வந்து சூழ்ந்துகொண்டனர். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். லிஃப்ட் பழுதானால் பழுது என்றே எழுதுபவர்.

“ஆமாம்மா. ஒம்பது வருஷமா உதவாதவங்களை அனுப்புங்கன்னு கேட்டேன். ஒண்ணும் நடக்கலை. இன்னைக்கும் தோத்தா இந்த டீமே கிடையாது. அதனால இந்த வருஷம் மாத்திக் கேட்டேன். கேட்டது தப்புதான்.”

ஆட்டத்துக்கு முன்பே அணி கலைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். அப்போது சுவர் வாயைத் திறந்தாள்.

“என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

“‘எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறாள்.’”

“ஏன் கேக்கக் கூடாது?” என்றாள் சுவர். ஒருத்தி சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு கோப்பு மேனேஜரின் கையில் இல்லை. ஒவ்வொரு கடிதமாக உருவி உரக்கப் படித்தனர். ‘நடுவரிடம் மட்டுமன்றிப் பேருந்து நடத்துநரிடமும் வாதாடுகிறாள்.’ கைதட்டல். ‘பந்தைத் திருப்பித் தருவதில்லை, சிற்றுண்டிப் பொட்டலத்திலும் இதே நிலை.’ பலத்த கைதட்டல். கஞ்சம் எழுந்து வணங்கினாள். ‘பயிற்சியாளரின் நடையைப் பயிற்சியாளர் முன்னிலையிலேயே நடித்துக் காட்டினாள்.’ அங்கேயே மறுபடி நடித்துக் காட்டச் சொன்னார்கள். ‘சில வேளை தாமதமாக வருவாள்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தவள் தலைகுனிந்தாள்.

“ச்சே, இவ்வளவுதானா? நீ எப்படிடி உள்ள வந்த?”

“அடுத்த வருஷம் பாருங்கடி” என்றாள் அவள்.

அம்மையார் இதையெல்லாம் நின்று பார்த்தார். பின்பு, “சரி, அவளை நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லி நடந்தார். பத்தடி தள்ளி அவர் தம் நடையைத் தாமே கொஞ்சம் கவனித்துக்கொண்டதாக உதவி மேனேஜர்களில் ஒருத்தி பின்னர் சாட்சி சொன்னாள்.

ஆட்டம் பாதிக்கு ஏழு நிமிடம். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் டிரை, ஐந்து புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் இரண்டு. இடைவேளையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டாம் பாதியில் எதிரணி மேலும் ஒரு டிரை எடுத்தது. உதை வெளியே போனது. பதினேழுக்குப் பன்னிரண்டு. கடைசி நிமிடத்தில் சுவர் ஒருத்தியைப் பந்தோடு தூக்கி நிறுத்த, பந்து நழுவிக் கஞ்சத்தின் கையில் விழுந்தது.

வலப்பக்கம் இருவர் காலியாக ஓடினார்கள். இடப்பக்கம் ஒருத்தி. “குடு! குடுடி!” என்று பதினான்கு குரல்கள். மேனேஜர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கோட்டோரம் ஓடினார். “குடும்மா! தெய்வமே, குடும்மா!”

அவள் கொடுக்கவில்லை. எதிரணியின் இருவர் அவள் கொடுத்துவிடுவாள் என்று நம்பிப் பக்கவாட்டில் விலகினர். அந்த இடைவெளியில் புகுந்தாள். மூன்றாமவள் சட்டையைப் பிடித்தாள்; சட்டை அவள் கையோடு நீண்டு வந்ததே தவிர உள்ளே இருந்தவள் நிற்கவில்லை. மூலைக்கொடியின் ஓரமாக, பந்தைக் கட்டிப்பிடித்தபடியே கோட்டுக்கு அப்பால் விழுந்தாள். எழுந்த பின்னும் நடுவரிடம் பந்தைத் தர மறுத்தாள்.

பதினேழுக்குப் பதினேழு. நேரம் முடிந்தது, உதை மட்டும் மீதி. உதைப்பவள் வக்கீல். டிரை விழுந்த இடத்துக்கு நேராக நின்று, முப்பது விநாடிக்குள் உதைக்க வேண்டும். அவள் பந்தை வாங்கிக்கொண்டு நடுவரிடம் போனாள். மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார்.

“சார், டிரை விழுந்தது இங்க இல்லை. ரெண்டு எட்டு உள்ள. கோட்டு நடுவரைக் கேளுங்க.”

கோட்டு நடுவர் ஆமென்று தலையசைத்தார். அன்று காலை முதல் அவள் எழுப்பிய பதினொன்றாவது ஆட்சேபம் அது. ஏற்கப்பட்ட முதலாவதும் அதுவே. இரண்டு எட்டு உள்ளே வந்து, தரையில் பட்டு எழும்பிய பந்தை உதைத்தாள். பந்து கம்பத்தின் உட்பக்கம் மோதி, சிறிது யோசித்து, உள்ளே விழுந்தது.

பத்தொன்பதுக்குப் பதினேழு.

மூன்றாம் மாடி அறையில் ஆட்ட முடிவுத் தாள் மேசைமேல் இருந்தது. கீழே குழாயடியில் பதினைந்து பேரின் கூச்சல் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. மேனேஜர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டு, தாளை அம்மையாரின் பக்கம் நகர்த்தினார். அம்மையார் பேனாவைத் திறந்தவர், அப்படியே நின்றார். தாளில் இரண்டு கட்டங்கள்: வென்ற அணியின் மேலாளர், தோற்ற அணியின் மேலாளர். மேனேஜர் இருபத்தொன்பது முறை கையெழுத்திட்ட இடத்திலேயே முப்பதாவது முறையும் இட்டிருந்தார். காலியாக இருந்தது வென்றவரின் கட்டம். மேசையருகே அவர்கள் இருவரைத் தவிர எவருமில்லை. செயலாளர் அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் சன்னலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“சார், கண்ணாடி கொண்டுவரலையா? எங்க போட்டிருக்கீங்க பாருங்க. தோத்ததே போதும் எனக்கு. பொய்க்கையெழுத்து வேறயா?”

மேனேஜர் குனிந்து பார்த்தார். செயலாளரை அழைத்தார்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு தாள் இல்லை, எண்ணித்தான் அச்சடித்தது என்றார். அடித்துத் திருத்தலாம், ஆனால் அடித்தல் திருத்தல் இருந்தால் காரணம் எழுத்தில் வேண்டும், இல்லையேல் குழு முடிவை ஏற்காது என்றார். மேனேஜர் உட்கார்ந்தார். அட்டைகளில் ஒரு சொல் மட்டும் எழுதிப் பழகியவர், தாளின் அடியில் மூன்று வரி எழுதினார்.

செயலாளர் படித்தார். “‘பழக்கத்தின் காரணமாகத் தோற்றவருக்குரிய கட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். இதனைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். உண்மையில் நாங்கள் வென்றோம்.’ ம், சரி. ‘உண்மையில்’ தேவையில்லையே. அடிச்சுடவா?”

“இருக்கட்டும் சார்” என்றார் மேனேஜர். “அதை மட்டும் அடிக்காதீங்க.”